அந்த இயந்திரம் பேசுகிற இடம்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். ஒரு ஜப்பான் கார்ட்டூன் படம் கையில் கிடைத்திருக்கிறதாம். விஞ்ஞானக் கதையாம். நன்றாக இருக்கிறதாம், ஆனால் பெரியவர்களுக்கு எடுத்த படம் மாதிரித் தெரிகிறதாம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் போடலாமா, வேண்டாமா என்று உடனே சொல்ல வேண்டுமாம், சனிக்கிழமை நெருங்குகிறதாம்.

படித்ததும் முதலில் சிரித்தேன். பிறகு, மறைப்பானேன், பொறாமையாக இருந்தது. இந்தத் தலைவலி இப்போது உங்களுடையது, என்னுடையது இல்லை. ஓய்வு பெற்றதிலிருந்து ஹட்டனில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வந்தால் கை சும்மா இருக்க மறுக்கிறது. தலவாக்கலையில் நம் பிள்ளைகள் நிலையத்தில் இந்நேரம் யாரோ படம் போடக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள், யாரோ ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று மனம் அங்கேயே போய் நிற்கிறது. ஏங்குகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நீங்கள் கேட்ட படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காது. இணையத்தில் தேடினால் எந்தப் படம் எந்த வயதுக்கு என்று எத்தனையோ பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் இரத்தம் வருகிறது, இந்த இடத்தில் உடம்பு தெரிகிறது, இந்த இடத்தில் கெட்ட வார்த்தை என்று பிரித்து மேய்ந்திருப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அவர்களில் ஒருவரும் நம் பிள்ளைகளைப் பார்த்தவர் இல்லை. நான் வேறொரு ஜப்பான் படத்தைப் போட்ட கதையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

நம் நிலையத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. நமக்குக் கிடைக்கிற வெளிநாட்டுப் படங்களில் தமிழ் இருக்காது. திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். ஒருவர் ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். கதாநாயகனுக்கும் அவர்தான் குரல், வில்லனுக்கும் அவர்தான், குழந்தைக்கும் அவர்தான். பல வருடம் அந்த ஆள் நான்.

எனக்கு முன்னால் மைக் பிடித்தவர் நல்ல மனுஷர். பிள்ளைகள் கெட்டுப்போய்விடக் கூடாது என்ற கவலையிலேயே பாதி தேய்ந்துபோனவர். படத்தில் அப்பா குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தால், பாவம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்பார் மைக்கில். காதலனும் காதலியும் கட்டிப்பிடித்து நின்றால், அண்ணன் வெளியூருக்குப் போகிறான், தங்கை வழியனுப்புகிறாள் என்பார். குடித்த அப்பா எப்படி நடப்பார் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வளர்கிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? மண்டபமே விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு ஒரு படத்தில் உண்மையாகவே ஓர் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இறந்துபோனார். அதற்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அதனால் என் கைக்கு மைக் வந்தபோது ஒன்றை முடிவு செய்துகொண்டேன். வேண்டாத காட்சியைத் தாண்டிப் போகலாம். படத்தையே போடாமல் விடலாம். ஆனால் போட்ட படத்தில் ஒருவர் வாயில் அவர் சொல்லாத வார்த்தையை வைக்கக் கூடாது. இதைச் சட்டம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் வந்து கெஞ்சாத வரைக்கும் சட்டம் வைத்திருப்பது சுலபம்தான்.

அந்தப் படத்தை நிலையத்தில் அப்போது என்னோடு வேலை செய்த ஒரு தம்பி கொண்டு வந்தார். கண்ணெல்லாம் மின்ன, மிஸ் இதைப் போட்டே ஆக வேண்டும் என்றார். அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கதை இதுதான். வெகு காலத்துக்குப் பிறகு நடக்கிறது. ஒரு பெண், கைக்குழந்தையை விட்டுவிட்டுச் சந்திரனில் இருக்கிற சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறாள். பத்து வருட ஒப்பந்தம். அவள் போனதும் கம்பனி வீட்டுக்கு ஓர் இயந்திரத்தை அனுப்புகிறது. அவள் முகம், அவள் குரல். அது சமைக்கிறது, குழந்தையைக் குளிப்பாட்டுகிறது, தூங்கவைக்கிறது. ஒப்பந்தம் முடிந்து அம்மா திரும்பி வருகிறாள். பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு இயந்திரத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. இயந்திரத்தைத் திருப்பி எடுத்துப் போகக் கம்பனி ஆட்கள் வருகிறார்கள்.

பெரியவர்களுக்கான படம் என்று சொல்ல அதில் காரணம் இருந்தது. சுரங்கம் இடிந்து விழுகிற காட்சியில் இரத்தம் நிறைய. தோலைப் போர்த்துவதற்கு முன்னால் இயந்திரம் ஒரு பெண்ணின் உடம்பு மாதிரியே மேசையில் படுத்திருக்கும். கடைசியில் அதைக் கழற்றிப் பிரிப்பார்கள், அதன் கண் அப்போதும் திறந்திருக்கும். ஆனால் நான் யோசித்தது இவற்றையல்ல. மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் வழக்கமாக உட்காருகிற தர்ஷினியை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

தர்ஷினிக்கு அப்போது பதினைந்து வயது. லிந்துலைப் பக்கத் தோட்டம். ஆங்கிலம் நன்றாக வரும், நான் மைக்கில் ஏதாவது ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அம்மா மகேஸ்வரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இடையில் ஒரே ஒரு தடவைதான் லீவில் வந்தார். ஒன்பது வருடம் கழித்து, இந்தப் படம் எங்கள் கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தார். வந்த அம்மாவோடு தர்ஷினி ஓர் இரவுகூடத் தங்கவில்லை. தன்னை வளர்த்த சித்தியின் ஒற்றையறைக் காம்பராவிலேயே, அதே லயத்தில் நாலைந்து வாசல் தள்ளி, படுத்துக்கொண்டாள். சித்திதான் வந்து என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்தக் கதையைப் போட முடியுமா? போட வேண்டாம் என்றேன். தம்பி விடவில்லை. அவள் ஒருத்திக்காக மற்றப் பிள்ளைகள் நல்ல படத்தை இழப்பதா என்றார். எந்த மற்றப் பிள்ளைகள், அந்த மண்டபத்தில் அம்மா பக்கத்தில் இல்லாமல் வளர்கிற பிள்ளைகளை எண்ண உனக்கு எத்தனை விரல் வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர், அப்படியென்றால் இது அவர்களுடைய கதைதானே மிஸ், அவர்களிடமிருந்தே ஏன் ஒளிக்கிறீர்கள் என்றார். சின்ன ஆட்கள் சரியாகப் பேசிவிட்டால் எனக்குக் கோபம் வரும். கோபத்தோடு, சரி, வியாழக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை நமக்கு இன்னொரு வழக்கம். சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் போடப்போகிற படத்தைத் தாய்மாரும் தகப்பன்மாரும் முதலில் பார்ப்பார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு பெண்கள் வருவார்கள். தகப்பன்மார் எப்போதும் குறைவு. டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் தவறாமல் வருவார், அவருடைய இரண்டு பிள்ளைகளும் நம்மிடம்தான் படம் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக மகேஸ்வரியும் வந்திருந்தார். சுவரோரம் தனியாக உட்கார்ந்தார்.

படத்தை ஓடவிட்டு மைக்கைப் பிடித்தேன். இயந்திரம் மேசையில் கிடக்கிற காட்சி வந்ததும் நானா எழுந்து வெளியே போய் நின்றார். பெண்கள் குனிந்துகொண்டார்கள். ஓர் அக்கா மட்டும் நன்றாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, தோலே இல்லாததுக்கு என்னத்த மூடுறது என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு நானாவும் உள்ளே வந்துவிட்டார். அம்மா திரும்பி வந்து, பிள்ளை ஒளிந்துகொள்கிற இடம் வந்தபோது நான் எழுத்தைப் பார்த்ததைவிட மகேஸ்வரியைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் அசையவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காட்சி. மறுநாள் கம்பனி ஆட்கள் வரப்போகிறார்கள். பிள்ளை தூங்குகிறது. இயந்திரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துச் சொல்கிறது: "இவளைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்தீர்கள். பார்த்துக்கொண்டேன். இவளை மறப்பதற்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை." நான் அதைச் சொல்லி முடித்தபோது மகேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது. நானா, இரத்தம் வருகிற இடத்தில் மட்டும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் மிஸ், மற்றபடி இதில் கெட்டது ஒன்றுமில்லை என்றார். மற்றவர்களும் போடலாம் என்றார்கள். பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மகேஸ்வரி மட்டும் போகவில்லை. யாரும் கேட்காமலே கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் பைப்படிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"படம் ஓடையில நீங்க என்னையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க மிஸ்," என்றார்.

பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"அந்த அம்மாவப் பாத்து நான் அழுவேன்னு நெனச்சீங்க. நான் அதுக்கு அழுகல. நான்தான் மிஸ் அந்த மெசினு."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார். குவைத்துக்குப் போன இரண்டாவது வருடம் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். அதன் அம்மா வேலைக்குப் போகிறவர், நல்ல மனுஷிதானாம், ஒரு நாளும் கை நீட்டியதில்லையாம். குழந்தை பிறந்த மாதத்திலிருந்து மகேஸ்வரியின் பாயில்தான் தூங்கியதாம். பால் கரைத்தது, நடை பழக்கியது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் இவர்தானாம். ஏழு வருடம். கிளம்புகிற அன்றைக்குக் குழந்தை அழும் என்று வீட்டுக்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்களாம்.

"கடைக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லச் சொன்னாங்க. அப்பிடியே சொல்லிட்டு வந்தேன் மிஸ். வர்றப்ப பிஸ்கட் வாங்கிட்டு வரச் சொல்லுச்சு."

கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினார். இத்தனை வருடம் இந்தத் தாய்மாரைப் பார்த்தவள் நான். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள் என்று தெரியும். போன இடத்திலும் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வருவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு அவர் கேட்க வந்ததைக் கேட்டார். அந்த மெசின் பேசுகிற இடத்தில் நீங்கள் வேறு ஏதாவது சொல்லிவிடுங்கள் என்றார். சரிங்க, நான் போயிட்டு வர்றேன் என்று மட்டும் சொன்னால் போதுமாம். யோசித்துத்தான் வைத்திருந்தார், அந்தக் காட்சியில் இயந்திரம் குனிந்து வணங்கவும் செய்யும், அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும்.

"தர்ஷினி கெட்டிக்காரி மிஸ். அந்தப் பேச்சக் கேட்டா என்னையத் திரும்பிப் பாப்பா. தன்னைய விட்டுட்டுப் போயி இன்னொரு புள்ள மேல பாசம் வச்சவன்னு தெரிஞ்சிட்டா, சித்தி வீட்ட விட்டு வரவே மாட்டா. எனக்கு இப்ப அவ மட்டுந்தான்."

யோசிக்கிறேன் என்றேன். அவர் நம்பிக்கையோடு கோப்பைகளைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வீட்டிலிருந்து நிலையத்துக்குப் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு வரி. மாற்றிச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? படம் எடுத்த ஜப்பான்காரர் வந்து சண்டை பிடிக்கப் போகிறாரா? மாற்றாமல் சொல்லி, அது தவறாகப் போனால் நட்டம் எனக்கில்லை, மகேஸ்வரிக்கு. என் சட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இன்னொருத்தியின் பிள்ளையைப் பணயம் வைப்பதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது. ஒன்பது வருடமாக இந்தப் பெண் பிள்ளைக்கு அம்மா ஃபோனில்தான் கிடைத்தார். ஃபோனில் அம்மா எப்போதும் நன்றாக இருந்தார், எப்போதும் சாப்பிட்டிருந்தார், எதற்கும் அழவில்லை. பாதியை மறைத்த அம்மாதான் அவளுக்குக் கிடைத்தது. இப்போது வீட்டுக்கு வந்த பிறகும் மறைத்ததையே கொடுக்க நானும் மைக்கைப் பிடிக்க வேண்டுமா?

அன்றைக்குச் சாயந்தரம் மகேஸ்வரிக்கு ஃபோன் எடுத்தேன். மாற்றிச் சொல்ல என்னால் ஏலாது என்றேன். ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் படத்தையே போடவில்லை, வேறு படம் போடுகிறேன், சனிக்கிழமை காலைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் ஃபோனைத் துண்டித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை முழுக்க ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். அடிக்கவில்லை. பேசாமல் இருப்பது சம்மதமா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். தர்ஷினி வழக்கம்போல இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். நானா சொன்னபடி, இரத்தம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, பார்க்க விரும்பாதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், முடிந்ததும் நானே சொல்கிறேன் என்றேன். ஒரு பிள்ளையும் கண்ணை மூடவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேசைக் காட்சியில் பையன்கள் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள், பின்வரிசைப் பெண் ஒருத்தி ச்சீ வாய மூடுங்க என்று அதட்ட அடங்கிப்போனார்கள். பெரியவர்கள் பயந்த இரண்டு இடமும் அத்தோடு முடிந்தது.

பாதிப் படத்தில் மழை பிடித்தது. தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்க வேண்டும் என்று மைக்கைக் கூட்டி வைத்தேன். அம்மா சந்திரனிலிருந்து திரும்பி வருகிறாள். பிள்ளை ஒளிந்துகொள்கிறது. அப்போது பின்கதவு திறந்தது. மகேஸ்வரி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவோரம் நின்றார்.

என்னைத் தடுக்க வந்தாரா, கேட்க வந்தாரா? திரையில் பிள்ளை தூங்கிவிட்டது. இயந்திரம் வந்து உட்கார்ந்துவிட்டது. மகேஸ்வரி கையைக் காட்டினால் நிறுத்திவிடலாம் என்று அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து திரையில் வந்துவிட்டது. அந்த எழுத்து எத்தனை நேரம் நிற்கும்? ஒரு மூச்சு நேரம். போயிட்டு வர்றேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"இவளைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்தீர்கள்," என்றேன் மைக்கில். "பார்த்துக்கொண்டேன். இவளை மறப்பதற்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை."

தர்ஷினி திரையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். நான் ஏதாவது விட்டுவிட்டால் பார்க்கிற பார்வை இல்லை அது, என்னைத் தாண்டிக் கதவோரம் போனது. அம்மாவையும் மகளையும் இருட்டில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அடுத்த இரண்டு வரியை மைக்கில் சொல்ல மறந்து நின்றேன். அவள் திரும்பவும் திரைப்பக்கம் திரும்பியபோது இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வண்டி போய்க்கொண்டிருந்தது.

துணிச்சலாகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தைத் தர்ஷினி தானே படித்துவிடுவாள், நான் மாற்றிச் சொல்லியிருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று என்னிடம்தான் வந்து நின்றிருப்பாள் என்பதுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது. இன்றைக்கும் அந்தப் படம் பதினைந்து வயதுக்கு ஏற்றதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் வேலையில் பாதிகூட இல்லை, யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகும், அவர்கள் படத்துக்குள் யாராகப் போய் நிற்பார்கள் என்பதை நாம் தப்பாகத்தான் கணக்குப் போடுவோம். நான் தர்ஷினியை அந்தக் குழந்தையாகவும் மகேஸ்வரியை அந்தத் தாயாகவும் நிறுத்திவைத்து, அதற்காக அந்த வியாழக்கிழமை வரைக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

படம் முடிந்து பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். வழக்கம்போலப் பேச்சு நடந்தது. இயந்திரம் எதிர்த்து அடித்திருக்க வேண்டும் என்றான் ஒருவன். அம்மா போயே இருக்கக் கூடாது என்றாள் ஒருத்தி, போகாமல் என்ன சாப்பிடுவது என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது, அதற்காகத்தான் ஏங்குகிறேன். தர்ஷினி பணிஸைத் தொடவில்லை. எல்லோரும் போன பிறகு எழுந்து வெளி விறாந்தைக்குப் போனாள். மகேஸ்வரி அங்கே மழை விடக் காத்து நின்றார். நான் கதவுக்கு உள்பக்கம் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீங்க ஃபோன்ல பேசுறப்ப பின்னால ஒரு புள்ள சத்தம் கேக்குமே," என்றாள் தர்ஷினி. "அது பேரு என்ன?"

நூரா என்றார் மகேஸ்வரி. இங்கே வந்த பிறகு அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும், குரல் அப்படி இருந்தது.

"அதுக்குப் பல்லு விழுந்தப்ப நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எனக்கு விழுந்தப்ப இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். இருவரும் தகரத்திலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அது உங்கள எப்பிடிக் கூப்புடும்?"

இந்தக் கேள்விக்குத்தான் மகேஸ்வரி பயந்திருக்க வேண்டும். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அம்மான்னுதான்," என்றார். பிறகு அவசரமாக, "நான் பழக்கல தர்ஷினி. அந்த வீட்டுல யாருக்கும் அந்த வார்த்தையே தெரியாது. நீ ஃபோன்ல கூப்புடுவியே, அதக் கேட்டுக் கேட்டுத்தான் அது பழகிக்கிச்சு."

தர்ஷினி கையை நீட்டி, ஃபோட்டோ இருந்தால் காட்டச் சொன்னாள்.